பிடிஎஸ்டி கோச் ஆப்: விபத்துக்குப் பிறகும் விபத்திலேயே இருப்பவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கான இந்த ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, பெயர், போன் நம்பர், மெயில் ஐடி எதையும் கேட்காது, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இது ஒன்றே போதும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இதைச் செய்தது அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறையின் கீழ் இயங்கும் பிடிஎஸ்டி தேசிய மையம். ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பியவர்கள் தூக்கமில்லாமல், சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழுந்துகொண்டிருந்த காலத்தில், 2011-ல் வெளிவந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்கிற இந்த நோய்க்கு 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரப்பூர்வக் கையேட்டில் இடம் கிடைத்தது. வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்கள் விடாமல் குரல் கொடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இதைப் பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாலை விபத்து, பாலியல் வன்முறை, வெள்ளம், தீ, கண்ணெதிரே ஒருவர் சாவதைப் பார்ப்பது என எதிலிருந்தும் வரலாம்.

எனக்கு வந்தது பஸ் விபத்திலிருந்து. நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் எங்கள் பஸ் மோதியது. கை முறிந்தது, பிளேட் வைத்தார்கள், எலும்பு கூடிவிட்டது. அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் பெரிய தொல்லை. ஏர் ஹாரன் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், டீசல் வாடை வந்தால் வயிறு புரட்டும், படுத்தால் கண்ணாடி நொறுங்கும் சத்தம் காதுக்குள் கேட்கும், வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன். பஸ் ஏறவே மாட்டேன் என்றாகி, அப்புறம் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் கடைக்குக்கூடப் போவதில்லை என்றானது. "பயந்துட்டான்" என்று அம்மா தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். அந்த அக்கறை எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது. ஆனால் ஹாரன் சத்தம் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருந்த உளவியலாளர் இந்த ஆப்பைப் பற்றிச் சொன்னார்.

சரி, ஆப்புக்கு வருவோம். திறந்தால் நான்கு பகுதிகள்: நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது, அறிகுறிகளைச் சமாளிப்பது, எப்படிப் போகிறது என்று கணக்கு வைப்பது, உதவி தேடுவது. தினமும் கை போவது இரண்டாவதுக்குத்தான். இப்போது என்ன தொந்தரவு என்று அது கேட்கும். பழைய நினைவு வந்துவிட்டதா, கோபமா, தூக்கம் வரவில்லையா, சுற்றி இருப்பவர்களிடமிருந்து விலகிப்போன மாதிரி இருக்கிறதா என்று ஒரு பட்டியல். ஒன்றைத் தொட்டதும் காய்ச்சல் பார்க்கும் கருவி போல ஒரு படம் வரும், 0-விலிருந்து 10 வரை. இப்போது எவ்வளவு என்று விரலால் ஏற்றி வைக்க வேண்டும். பிறகு ஒரு பயிற்சியைக் காட்டும், முடித்ததும் மறுபடி அதே அளவுகோல் வரும். எட்டில் வைத்தது ஐந்துக்கு இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்ப்பது, அந்த நிலையில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பயிற்சி ஒத்துவரவில்லை என்றால் கட்டைவிரலைக் கீழே காட்டும் குறியை அழுத்தலாம்.

பயிற்சிகளில் ஆழ்ந்த மூச்சு, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது, கடலோரம் காடு என்று மனதுக்குள் காட்சி காண்பது எல்லாம் உண்டு. எனக்கு அதிகம் உதவியது, இப்போது இருக்கும் இடத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டு வரும் பயிற்சி. சுற்றி இருப்பதைக் கவனி, கையால் தொட முடிந்ததைத் தொட்டுப் பார், இன்றைக்கு என்ன தேதி, எங்கே இருக்கிறாய் என்று மனதை இந்த நிமிஷத்துக்குக் கொண்டுவரும். டவுன் பஸ்ஸில் முன் சீட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதன் சில்லிப்பு, பெயிண்ட் உரிந்த இடத்தில் விரலில் படும் சொரசொரப்பு, எதிரே எழுதியிருக்கும் திருக்குறள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவேன். விபத்து நடந்தது அன்றைக்கு, நான் இருப்பது இன்றைக்கு என்பது அறிவுக்கு எப்போதும் தெரியும். உடம்புக்கு அதைத் தெரியவைக்கத்தான் இந்தப் பாடு.

அதிர்ச்சி நினைவு சாதாரண நினைவு மாதிரி, நடந்து முடிந்த கதையாக உள்ளே போய் உட்காருவதில்லை. சத்தம், வாடை, வெளிச்சம் என்று துண்டு துண்டாகக் கிடந்து, ஏதாவது ஒன்று சீண்டினால் இப்போதே நடப்பதுபோல் எழுந்து நிற்கிறது. இதை ஆப்பின் பாடப்பகுதி சின்னச் சின்னப் பக்கங்களாக நன்றாகவே விளக்குகிறது. "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ" என்று நடுராத்திரியில் பயந்துகொண்டிருப்பவருக்கு அந்தச் சில பக்கங்களே பெரிய தெம்பு.

கணக்கு வைக்கும் பகுதியில் பிசிஎல்-5 என்கிற கேள்வித்தாள் இருக்கிறது. மருத்துவர்களே பயன்படுத்துவதுதான். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33-ஐத் தாண்டினால் இந்த நோய் இருக்க வாய்ப்பு அதிகம், முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று கணக்கு. அந்த எண்ணைப் பார்த்து நமக்கு நாமே நோய்ச் சீட்டு எழுதிக்கொள்ளக் கூடாது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்தடுத்துப் போட்டு வரும் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், "எப்படி இருக்கீங்க" என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்று சொல்லி எழுந்து வருவது நின்றுபோகும். எனக்குத் தூக்கம் தேறிக்கொண்டு வந்தது, ஒதுங்கி ஒதுங்கிப் போகும் கேள்விகளில் மட்டும் எண் குறையவே இல்லை. வரைபடம் இறங்காத காரணத்தை உளவியலாளர் அந்தக் கேள்விகளில்தான் கண்டுபிடித்தார்.

இந்த ஆப்பில் இருப்பவை பெரும்பாலும் மனதை அமைதிப்படுத்தும் பயிற்சிகள். பிடிஎஸ்டியை உயிரோடு வைத்திருப்பதோ, தவிர்ப்பது. பஸ்ஸைத் தவிர்க்கத் தவிர்க்க, பஸ் என்றாலே சாவு என்று மூளை இன்னும் உறுதியாக நம்பும். பயம் வந்ததும் மூச்சுப் பயிற்சி செய்து அமைதியாகி, "நல்லவேளை" என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் ஆப்பும் தவிர்ப்பதற்கு ஒரு சாக்காகிவிடும். உளவியலாளர் சொன்னது இதுதான்: "மூச்சுப் பயிற்சி செஞ்சுகிட்டே பஸ்ஸில ஏறுங்க. ஏறாம இருக்கிறதுக்காகச் செய்யாதீங்க."

இன்றைக்கு உறுதியான ஆதாரம் இருக்கும் சிகிச்சைகள் எல்லாம் இந்தத் தவிர்ப்பை ஏதாவது ஒரு வழியில் உடைப்பவைதான். எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையில், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகவைக்கிறார்கள். பட்ரீஷியா ரெஸிக் உருவாக்கிய முறையில், வழக்கமாக 12 அமர்வுகளில், "என்னால்தான் நடந்தது", "யாரையும் நம்ப முடியாது" போன்ற எண்ணங்களை எடுத்துப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். கண் அசைவோடு நினைவைக் கொண்டுவரும் இஎம்டிஆர் மூன்றாவது. 2023-ல் அமெரிக்க ராணுவத்துறையும் முன்னாள் வீரர் நலத்துறையும் சேர்ந்து புதுப்பித்த வழிகாட்டுதல் இந்த மூன்றையும் மருந்துக்கு முன்னால் வைக்கிறது. மருந்தில் செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது, பென்சோடயாஸெபின் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் விபத்துக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்றால் பல இடங்களில் முதலில் எழுதித் தருவது இந்த வகையைத்தான். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம், அது ஆபத்து. டாக்டரிடம் கேட்டு மெல்லக் குறையுங்கள்.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி வீணா? இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் அனுபவித்திருந்த தமிழ்க் குழந்தைகள் 31 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2009-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நடந்ததைக் கோர்வையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, இன்னொரு பிரிவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், இரண்டையும் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் குழந்தைகள் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வு, தானாகவே தேறியவர்களும் அதில் இருப்பார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் கூடவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். இந்த ஆப்பை மட்டும் தனியாகச் சோதித்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. 120 பேரில் ஆப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு, சும்மா காத்திருந்தவர்களைவிட மூன்று மாதத்தில் அறிகுறிகள் அதிகம் குறைந்தன. வித்தியாசம் மிதமானது. காசில்லாத ஒரு பொருளுக்கு அது நல்ல மதிப்பெண்தான், முழுச் சிகிச்சைக்கு ஈடாகாது.

எதிர்கொள்ளல் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு பிஇ கோச் என்று அதே மையத்தின் இன்னொரு ஆப் இருக்கிறது. நடந்ததை நாமே சொல்லிப் பதிவு செய்து வீட்டில் கேட்பதற்கும், எந்த இடத்துக்குப் போனோம், பயம் எவ்வளவு ஏறி இறங்கியது என்று குறித்துக்கொள்வதற்கும் வசதி உண்டு. தயவுசெய்து சிகிச்சையாளர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். எனக்கு முதலில் பஸ் ஸ்டாண்டில் வெறுமனே நிற்பது, அப்புறம் காலியாக நிற்கும் பஸ்ஸில் ஏறி இறங்குவது, பிறகு டவுன் பஸ், கடைசியில் பகலில் நெடுஞ்சாலை பஸ் என்று வரிசை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பயணங்களில் கையில் இருந்தது பிடிஎஸ்டி கோச்தான். இரண்டும் சேர்ந்தபோதுதான் வரைபடம் உண்மையிலேயே இறங்கியது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஃபேமிலி கோச் என்று தனி ஆப் உண்டு. ஆங்கிலம் தெரிந்த என் தங்கை அதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் "எப்படிப்பா நடந்தது, முதலில் இருந்து சொல்லு" என்று கேட்பது நம் வழக்கம், அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் சம்பவம் நடந்த சூட்டோடு ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னால் வரும் நோயைத் தடுப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும், யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதே, பாதுகாப்பு, சாப்பாடு, சொந்தக்காரர்களோடு தொடர்பு ஆகியவற்றைப் பார் என்கிறது. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. உதவி தேடும் பகுதியில் இருக்கும் அவசர எண்கள் எல்லாம் அமெரிக்காவுக்கானவை, இங்கிருந்து எந்தப் பயனும் இல்லை. நம் ஆட்களின் எண்களை நாமே சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, இறக்கியவுடன் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 சேருங்கள். அது 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஆப்பைத் திறந்துகொண்டிருக்க வேண்டாம், நேராக அந்த எண்ணுக்குப் போடுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு பெரிய குறை மொழி. ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான். பயிற்சிகளை வழிநடத்தும் குரல் அமெரிக்க உச்சரிப்பில் பேசுகிறது. நெஞ்சு படபடக்கும்போது எனக்கே சில வரிகள் பிடிபடவில்லை. அதே விபத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாவுக்கு இந்த ஆப்பால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவர் இன்னமும் பஸ் ஏறுவதில்லை, வியாபாரத்தை விட்டுவிட்டார்.

ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, சுவீடன், நெதர்லாந்து எல்லாம் இதைத் தங்கள் ஊருக்கும் மொழிக்கும் ஏற்றபடி மாற்றி வெளியிட்டிருக்கின்றன. தமிழில் ஒன்று வந்தால் நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அதற்கு ஆள் இருக்கிறார்கள். மனநல மருத்துவர்களும் கணினி படித்தவர்களும் நம்மிடம் இல்லாமல் இல்லை. இதைப் படிப்பவர்களில் அந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத் தெரிந்தவர் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பேருந்துப் பயணிகளுக்கான வரிகளைத் தமிழில் எழுதித் தரவும், பரிசோதனைக்கு உட்காரவும் நான் தயார்.