பட்போங் மாடி பார்களுக்குப் போய்விடாதீர்கள்

பாங்காக் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். சிலோம் சாலையில் சாலா டேங் ரயில் நிலையத்தில் இறங்கினால் பட்போங் இரவுச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. நம்மவர்கள் கும்பிடப் போகும் மாரியம்மன் கோயிலும் அதே சாலையில்தான்.

சந்தைக்கு இருபுறமும் பார்கள். தரைத்தளத்தில் இருப்பவற்றில் உள்ளே நடப்பது தெருவிலிருந்தே தெரியும். சிக்கல் மாடியில்தான். தெருவில் நிற்கும் ஆட்கள் ஓர் அட்டையை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். எங்களுக்கு நீட்டிய அட்டையில் பீர் 100 பாட், நுழைவுக் கட்டணம் கிடையாது என்று இருந்தது. நானும் நண்பரும் படியேறினோம். உட்கார்ந்ததும் இரண்டு பெண்கள் வந்து பக்கத்தில் அமர்ந்தார்கள். நாங்கள் சொல்லாமலே அவர்களுக்கும் கிளாஸ் வந்தது.

கால் மணி நேரத்தில் பில் வந்தது: 4,600 பாட். பீர் என்னவோ 200தான். அந்தப் பெண்கள் குடித்ததற்கு 1,400. மீதி, 'நிகழ்ச்சி பார்த்த கட்டணம்', தலைக்கு 1,500! அட்டையில் இப்படிப் போடவில்லையே என்றால், எந்த அட்டை என்கிறார்கள். கூட்டி வந்த ஆளைக் காணோம். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன், அவ்வளவுதான். அவர் சொன்ன விலைக்குக் கடை பொறுப்பேற்காது. அதற்குள் படிக்கட்டு வாசலை இரண்டு தடியர்கள் மறித்துக்கொண்டார்கள்.

நண்பர் சத்தம் போடாமல் போனை எடுத்து 1155 அழுத்தி அவர்களிடம் காட்டினார். அது சுற்றுலாப் போலீஸ் எண். உடனே பேச்சு மாறியது. 2,000 கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கொடுத்துவிட்டு இறங்கினோம்.

என் ஆத்திரம் அந்த 2,000 பாட்டோடு முடியவில்லை. அடுத்த மேசையில் இருந்த இந்தியப் பையன்களுக்கு இருபது வயது தாண்டியிருந்தால் அதிகம். பயத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கார்டைக் கொடுத்தார்கள். எவ்வளவு இழுத்தார்களோ தெரியாது.

அதனால், யார் எந்த அட்டையைக் காட்டினாலும் மாடி ஏறாதீர்கள். ஏற்கெனவே ஏறிவிட்டீர்களா? கார்டை மட்டும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், வாய்ச்சண்டை கைகலப்பாக விடாதீர்கள். 1155 எண்ணில் 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். கிளம்பும் முன்பே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், கூட வருகிறவர்கள் போனிலும்.