வகுப்புக் குறிப்புக்கு டேப்லெட்: எல்லாம் சரி, பக்கத்துக்கு அடி எங்கே?

சார்ஜிங் போர்ட் போய் சர்வீஸுக்குக் கொடுத்திருந்த டேப்லெட் ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. நடுவில் வகுப்புக்குச் சாதாரண கோடு போட்ட நோட்டும் பால்பாயின்ட் பேனாவும்தான். இவ்வளவு காலம் இந்த டேப்லெட்டில் எனக்கு எது உறுத்திக்கொண்டே இருந்தது என்பது நோட்டில் எழுதியபோதுதான் பிடிபட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். டேப்லெட்டோடு வரும் பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியில் உள்ள சுற்று மின்காந்தப் புலம் வழியாக அதற்குச் சக்தி தருகிறது. அதனால் வகுப்பு நடுவில் பேனா செத்துப்போகும் பேச்சே இல்லை. உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதினாலும் கோடு விழாது. முனை தேயும், அதுவும் காகிதம் மாதிரி இருக்கட்டும் என்று சொரசொரப்பான ஃபிலிம் ஒட்டினால் சீக்கிரமே தேயும். அது பெரிய விஷயமில்லை, முனையை மாற்றிக்கொள்ளலாம்.

நான் நிஜமாகவே மயங்கியது ஒலிப்பதிவில். எழுத எழுத வகுப்பும் பதிவாகும். பிறகு ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டால், அதை எழுதிய நொடியில் ஆசிரியர் பேசியது கேட்கும். (அவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.) பேச்சு நிமிடத்துக்கு நூறு சொல்லைச் சுலபமாகத் தாண்டும். கை அதில் கால்வாசியை எட்டினாலே பெரிது. தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் ஒரு வரி நழுவினால், அந்த இடத்தில் கேள்விக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ராத்திரி அந்தக் கேள்விக்குறியைத் தொட்டால் போதும்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். நான் குறிப்பெழுதும் இந்த ஆப்பில் பக்கம் முடிவதே இல்லை. கீழே கீழே நீண்டுகொண்டே போகும்.

நோட்டில் எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு. இடப்பக்கம், கீழ்மூலை, மை கசிந்த கறைக்குப் பக்கத்தில் கார்னோ சுழற்சியின் (வெப்ப எந்திரம் ஒன்றின் லட்சிய மாதிரி) படம். தேர்வில் சூத்திரம் வர மறுத்தால் முதலில் அந்த மூலைதான் ஞாபகத்துக்கு வரும், பின்னாலேயே சூத்திரமும் வரும். டேப்லெட்டில் எழுதியதற்கு மூலையே கிடையாது. எங்கோ மேலே, எங்கோ கீழே, அவ்வளவுதான். ஏ4 அளவில் பக்கம் பிரித்துக்கொள்ளலாமே என்பீர்கள். பிரித்தும் பார்த்தாயிற்று. என் 10 அங்குலத் திரையில் ஏ4 பக்கம் முழுசாகத் தெரிந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிதாக்கி எழுதினால் பக்கத்தின் எந்த ஓரத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

கார்னெல் முறையில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் வலிக்கும். 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறை அது. வலப்பக்கம் அகலமாகக் குறிப்பு, இடப்பக்கம் ஒடுக்கமான பத்தியில் வகுப்பு முடிந்தபின் நாமே எழுதும் கேள்விகள், அடியில் சில வரிச் சுருக்கம். அடியே இல்லாத பக்கத்தில் சுருக்கத்தை எங்கே எழுதுவது? நோட்டில் பக்கம் தீரப்போகிறது என்றாலே, "இதுவரை என்ன சொன்னார்?" என்று மனசு ஒருமுறை நின்று யோசிக்கும். இங்கே அந்த நெருக்கடி வருவதே இல்லை. அப்புறம், குறிப்பை மறைத்துக்கொண்டு கேள்விக்கு மனத்திலிருந்து பதில் சொல்லிப் பார்ப்பதுதான் அந்த முறையின் உயிர். திரையில் கையால் மறைக்கப் போனால் பக்கமே நகர்ந்துவிடுகிறது!

"கையால் எழுதுவதுதான் நல்லது என்று ஆராய்ச்சியே சொல்கிறதே" என்று யாராவது வருவார்கள். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. லேப்டாப்பில் தட்டியவர்கள் பேச்சை அப்படியே இறக்கினார்கள், கருத்தைக் கேட்கும் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது. 2019இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எப்படியும் நான் டேப்லெட்டிலும் கையால்தானே எழுதுகிறேன்? அந்தச் சண்டைக்கும் என் புகாருக்கும் சம்பந்தமில்லை. எனக்கு வேண்டியது ஒரு மூலை.

வண்ணம், ஹைலைட்டர், ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. முதல் மாதத்தோடு தொடுவதை விட்டுவிட்டேன்.

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று ஜூனியர் ஒருவன் கேட்டான். "வேண்டாம்பா, நல்ல நோட்டாக வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன் அண்ணா" என்றான். கொடுப்பதா? திங்கட்கிழமை இடைவேளையே இல்லாமல் இரண்டு மணி நேர வகுப்பு இருக்கிறது, அந்த ஆசிரியர் பேசும் வேகத்துக்கு ஒலிப்பதிவு இல்லாமல் என்னால் உட்கார முடியாது. ஐந்துக்கு இரண்டரை போடுகிறேன். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இதை விற்பதாக இல்லை.