கேம்பர் வேன் கேஸ் ஃபிரிட்ஜ்: கூலிங் வரலன்னா உடனே யூனிட் மாத்தாதீங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருந்து வேன் எடுத்துக்கிட்டு டிராக்கன்ஸ்பெர்க், கோல்டன் கேட் மலைப்பக்கம் போற நம்ம குடும்பங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எங்க வேன்ல இருக்கறது மூணு வழியில ஓடுற ஃபிரிட்ஜ், கேஸ், 220 வோல்ட் கரண்ட், வண்டியோட 12 வோல்ட், எதுல வேணா போட்டுக்கலாம். என் ரேட்டிங் 5க்கு 4. புரட்டாசி மாசம் எங்க வீட்ல யாரும் வெளிய சாப்பிட மாட்டாங்க, பால், தயிர், இட்லி மாவு, காய்கறி எல்லாம் வேன்லயேதான் போகணும், அதனால கரண்டே இல்லாத கேம்ப்சைட்லயும் சத்தமில்லாம நாள் கணக்குல ஓடுற ஃபிரிட்ஜ் எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

இதுல கம்ப்ரஸரே கிடையாது. அமோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூணும் சீல் பண்ண குழாய்க்குள்ள இருக்கு, பின்னாடி கீழ ஒரு சின்ன நெருப்பு எரியுது, அந்த சூட்டுல அமோனியா தண்ணிய விட்டு பிரிஞ்சு மேல ஏறி திரவமாகி, அப்புறம் ஃப்ரீசர் பக்கம் வந்து ஆவியாகும்போது உள்ள இருக்க சூட்ட இழுத்துக்குது. 1922ல ஸ்டாக்ஹோம்ல வான் பிளாட்டன், முன்டர்ஸ்னு ரெண்டு மாணவர்கள் கண்டுபுடிச்ச முறை, இன்னைக்கும் அடிப்படை அதேதான். அசையுற பாகமே இல்லாததால கெட்டுப்போறதுக்கும் எடம் கம்மி, கெடுறது பெரும்பாலும் அந்த நெருப்பு பக்கம்தான்.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, போன குளிர்கால லீவுக்கு முன்னாடி கேஸ்ல போட்டா எங்களுது குளிரவே இல்ல, ரிப்பேருக்கு காட்டின எடத்துல கவரக்கூட கழட்டாம கூலிங் யூனிட், அதாவது அந்த சீல் பண்ண குழாய் தொகுதியே போச்சுன்னு சொல்லி கிட்டத்தட்ட புது ஃபிரிட்ஜ் வெலைக்கு கொட்டேஷன் குடுத்தாங்க. எனக்கு மனசு ஒத்துக்கல. ஏன்னா அதே ஃபிரிட்ஜ வீட்டு பிளக்ல ராத்திரி போட்டா காலையில ஐஸ் கட்டி நிக்குது. 220ல நல்லா குளிருதுன்னா யூனிட் நல்லா இருக்கு, கோளாறு கேஸ் பக்கம், அவ்வளவுதான். இந்த ஒரு டெஸ்ட்டுக்கு காசே கிடையாது, தயவுசெஞ்சு பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத பண்ணிருங்க.

கேஸ அணைச்சு, சூடு ஆறுனதும் வெளிப்பக்க வென்ட் (காத்து போற தொறப்பு) கவர கழட்டி பாத்தா பர்னர் மேல துருவும் கரியுமா கொட்டிக் கெடந்துச்சு. மேல போற புகைக்குழாய்க்குள்ள முறுக்கின தகடு ஒண்ணு தொங்கும், அதுலயும் குழாயிலயும் இருக்க துரு வண்டி குலுங்குறப்ப பர்னர் மேல விழுது. அத பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி, தகட்ட முன்ன இருந்த அதே உயரத்துல மாட்டணும். பர்னருக்கு கேஸ் விடுற ஜெட்டுல இருக்க ஓட்ட கண்ணுக்கே சரியா தெரியாத அளவு சின்னது, ஊசி மட்டும் விடாதீங்க, ஓட்ட பெருசாயிடும், மெத்திலேட்டட் ஸ்பிரிட்ல ஊற வச்சு ஊதி காய வச்சா போதும். மறுபடி பத்த வச்சப்ப நீலமா நிமிந்து எரிஞ்சுது, காலையில தயிர் ஜில்லுனு இருந்துச்சு. மஞ்சளா ஆடிக்கிட்டு எரிஞ்சா இன்னும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம்.

பட்டன அமுக்கி இருக்கும்போது எரிஞ்சு, விட்டதும் அணையுதுன்னா தெர்மோகப்பிள பாருங்க, நெருப்பு சூடு இருக்கறவரைக்கும் கேஸ் வால்வ தொறந்து வைக்கிற சென்சார் அது, அதோட நுனி நெருப்புக்குள்ள இருக்கணும், வால்வுல மாட்டின எடம் லூஸா இருக்கக்கூடாது.

வேன் சமமா நிக்கணும். உள்ள திரவம் தானா கீழ எறங்கி வந்துதான் சுத்து முடியும், சரிவுல மணிக்கணக்கா நிறுத்தி ஓட்டினா அப்பதான் நெஜமாவே யூனிட் கெட்டுப்போகும். ஃப்ரீசருக்குள்ள ஒரு ஸ்பிரிட் லெவல் வச்சு பாத்து, சக்கரத்துக்கு கீழ கட்டை குடுங்க.

இன்னொரு விஷயம் உயரம். டர்பன் கடல் மட்டம், ஜோஹன்னஸ்பர்க்கே 1,700 மீட்டருக்கு மேல, காத்துல ஆக்ஸிஜன் கொறைய கொறைய நெருப்பு மக்கர் பண்ணும், அத ரிப்பேர்னு நெனச்சு பயப்படாதீங்க, பிளக் இருக்க எடமா பாத்து 220ல போடுங்க. ஜூன், ஜூலை ராத்திரி மலையில பூஜ்யத்துக்கு கீழ போகும், நம்ம ஊர் எல்பிஜில புரோபேனோட பியூட்டேனும் கலந்திருக்கு, பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்கு கீழ ஆவியாகாது, அதனால சிலிண்டர் பாதி இருந்தும் நெருப்பு சுருங்கலாம்.

கேஸ் லீக்க சோப்புத்தண்ணி போட்டு பாருங்க, நெருப்பு காட்டவே கூடாது. பைப்பு, ரெகுலேட்டர்ல வேல இருந்தா எஸ்ஏகியூசிசி கேஸ்ல (கேஸ் வேல செய்யறவங்கள பதிவு பண்ற இந்த நாட்டு அமைப்பு) பதிவு பண்ண ஆளத்தான் கூப்புடணும், பதிவு கார்ட காட்டச் சொல்லுங்க. பெட்ரோல் போட உள்ள நுழையறதுக்கு முன்னாடியே நெருப்பு அணைஞ்சிருக்கணும், இதுல சமாதானமே கிடையாது, பின்னாடி சீட்ல புள்ளைங்க இருக்காங்க.

ஒரு மார்க் கொறச்சது டிசம்பர் வெயிலுக்காக. 35 டிகிரிக்கு மேல போனா தவிக்குது, மேல் வென்ட்டுல ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் மாட்டினப்புறம் பரவால்ல. குளிர் ஏறவும் நேரமாகும், முந்தின ராத்திரியே 220ல போட்டு வச்சு குளுந்த சாமானத்தான் உள்ள வைக்கணும். 12 வோல்ட், வண்டி ஓடும்போது குளிர தக்க வைக்க மட்டும்தான், எஞ்சின் நின்னப்புறம் விட்டா பேட்டரிய காலி பண்ணிரும்.

செகண்ட் ஹேண்ட் வேன் பாக்க போறீங்கன்னா, விக்கிறவர்ட்ட முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜ கேஸ்ல போட்டு வைக்கச் சொல்லுங்க. போனதும் ஃப்ரீசர்ல கைய வச்சு பாத்துட்டு, பின்னாடி கவர கழட்டி குழாய்ல மஞ்சக் கறை இருக்கா, அமோனியா நெடி அடிக்குதான்னு பாருங்க. அது ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் யூனிட் ஓட்டையாயிருச்சு, வெல்டிங் வச்சு ஒப்பேத்த முடியாது, புது யூனிட்டுக்கான காச வண்டி வெலையில கழிச்சு பேசுங்க.