புங்கனா, புன்னையா? சென்னை மண்ணுக்கு ஏற்றது எது?

சீக்கிரம் நிழல் வேண்டும் என்றால் புங்கன்தான். கோடையில் பழுப்பேறிய நெற்றுகளைப் பொறுக்கி உடைத்து, விதையை ஓர் இரவு ஊறவைத்து ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். வேர்முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்ப்பதால் சத்தில்லாத மண்ணிலும் தேறும். இலையில் புடைப்பும் வெளிறிய கோடுகளும் வந்தால் பதற வேண்டாம். அது பூச்சியின் வேலை. மரம் அதனால் சாகாது, மருந்தும் தேவையில்லை. பக்கவேர் தூரம் ஓடும் என்பதால் சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

புன்னை நிதானமாக வளரும் மரம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலமரம் இதுதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணலில், உப்புக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் எங்கள் தேர்வு புன்னையே. ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும்.

புன்னையைப் பலர் கைவிடுவது விதையில்தான். ஓட்டோடு ஊன்றினால் முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும். ஓட்டை முழுசாக நீக்கினால் மூன்று வாரம் போதும். சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, விரிசல் விட்டதும் கையால் பிரியுங்கள். உள்ளே பருப்பு நசுங்கினால் மண்ணில் அழுகிவிடும். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகள் மரத்தடியில் கிடைக்கும். சதை நீக்கும் வேலை மிச்சம்.

எந்தக் கன்றானாலும் வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் வேண்டாம். அந்த மரம் வளர்ந்தாலும் புயலில் வேரோடு சாயும். ஐப்பசி மழைக்குச் சற்று முன் நடுவது நல்லது. குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மணலில் தொழு உரம் கூடுதலாகக் கலக்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கக் களிமண்ணில் அப்படிச் செய்தால் குழி தொட்டியாகி மழைநீர் தேங்கும். அங்கே தோண்டிய மண்ணையே போட்டு, ஓரடி மேடு கட்டிப் புங்கன் நடுங்கள். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு குடம் தண்ணீர்.

காடு மீட்பு வேறு கணக்கு. ஏரிக்கரைக்கும் ஓடைக்கரைக்கும் புங்கன் பொருந்தும். கிண்டி, நன்மங்கலம் போன்ற வறண்ட காட்டு நிலத்தில் இந்த இரண்டையுமே வரிசையாக நிரப்பாதீர்கள். அங்கே இயல்பாக வளரும் மரங்களான வீரைக்கும் உலக்கைப் பாலைக்கும்தான் முதலிடம்.