ஷெல் ஸ்கிரிப்டில் இஃப்: பல வருடம் புழங்கிய பிறகு

பேக்கப், பழைய லாக்குகளை அழிப்பது, டிப்ளாய்மென்ட் எல்லாவற்றுக்கும் பல வருடங்களாக பாஷ் (கமாண்டுகளை ஓட்டும் ஒரு ஷெல்) ஸ்கிரிப்ட்தான் எழுதுகிறேன். வேறு மொழியிலிருந்து வருகிறவர்களுக்கு இதன் இஃப் (நிபந்தனை பார்க்கும் பகுதி) எரிச்சல் தருவது நியாயம்தான். ஆனால் ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இஃப் ஒரு கமாண்டை ஓட்டி, அதன் எக்ஸிட் கோடு (முடியும்போது அது திருப்பித் தரும் எண்) 0-ஆ என்று மட்டும் பார்க்கிறது. 0 வந்தால் வெற்றி. 1 முதல் 255 வரை எது வந்தாலும் தோல்வி.

சதுர அடைப்புக்குறியும் ஒரு கமாண்ட்தான், நிபந்தனையைச் சோதிக்கும் டெஸ்ட் கமாண்டின் இன்னொரு பெயர். அதனால்தான் [ குறிக்கு அடுத்து இடைவெளி கட்டாயம். 10-ஐ விடப் பெரிதா என்று பார்க்க அதற்குள் > போட்டால் என்ன ஆகும்? ஷெல் அதை ரீடைரக்‌ஷன் (வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்புவது) என்று எடுத்துக்கொள்ளும். எர்ரர் எதுவும் வராது. ‘10’ என்ற பெயரில் ஒரு காலி ஃபைல் உருவாகும், வேரியபிளில் எந்த எண் இருந்தாலும் நிபந்தனை சரி என்றே வரும். இரட்டை அடைப்புக்குறிக்கு மாறினால் ஃபைல் உருவாகாது. ஆனால் ஒப்பீடு எழுத்து வரிசையில் நடப்பதால் 10-ஐ விட 9 பெரிதாகிவிடும். எண்களுக்கு (( )) தான் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது அடைப்புக்குறியே இல்லாத இஃப். ஃபைலில் சொற்களைத் தேடும் கிரெப்பை நேராக இஃப்புக்குப் பக்கத்தில் எழுதிவிடலாம், படிக்கவும் சுகம். இதிலும் ஒரு கவனம் வேண்டும். தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, ஃபைலையே திறக்க முடியாவிட்டால் 2. பின்னிரண்டும் எல்ஸில்தான் (நிபந்தனை தோற்றால் ஓடும் பகுதி) வந்து விழும். லாக்கில் பிழை இல்லை என்பதும் லாக்கே இல்லை என்பதும் ஒன்றா? மானிட்டரிங் ஸ்கிரிப்டில் இது உயிர்நாடியான வித்தியாசம். இந்த மாதிரி இடங்களில் $? மதிப்பை (கடைசியாக ஓடிய கமாண்டின் எக்ஸிட் கோடு) உடனே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்து, கேஸ் போட்டு மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கிறேன். நடுவில் ஒரு எக்கோ வந்தாலே அந்த மதிப்பு போய்விடும்.

இஃப், எல்ஸுக்குப் பதிலாக && போட்டு அப்புறம் || போடும் குறுக்குவழியை நான் தொடுவதில்லை. நடுவில் உள்ள கமாண்ட் தோற்றாலும் மூன்றாவது ஓடிவிடும்.

இரட்டை அடைப்புக்குறி பாஷ், கார்ன் ஷெல், இசட்‌ஷெல் போன்றவற்றுக்கு உரியது. டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்ஹெச் என்று அழைத்தால் வருவது டேஷ் என்ற இன்னொரு ஷெல். அதற்கு இது தெரியாது. பாஷுக்கு எழுதியதை பாஷ் என்று முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள். கூடவே ஸ்கிரிப்டில் பிழைகளைத் தேடும் ஷெல்செக்கையும் ஓட்டுங்கள். மேலே சொன்ன ‘10’ ஃபைல் சிக்கலை அது எழுதும்போதே காட்டிக்கொடுக்கும்.