காவிரி நீர் மேலாண்மை ஆணையம்: கடைமடையிலிருந்து ஒரு மதிப்பீடு

மேட்டூர் 120 அடியைத் தொட்டு, உபரி கொள்ளிடத்தில் போகும் ஆண்டில் காவிரி நீரைப் பங்கிடும் இந்த ஆணையத்தைப் பற்றி டெல்டாவில் பேச்சே எழாது. வறண்ட ஆண்டில்தான் இதன் தரம் தெரியும்.

2018 ஜூனில் அமைந்தது. தலைவர், மத்திய அரசின் உறுப்பினர்கள் நால்வர், கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிக்குத் தலா ஒருவர். பெரும்பான்மைதான் முடிவு. இதன் கீழே உள்ள ஒழுங்காற்றுக் குழு கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜசாகர்), கபினி, மேட்டூர் உட்பட எட்டு அணைகளின் மட்டம், வரத்து, இருப்பு விவரங்களைத் திரட்டுகிறது. ஆணையத்தின் பணியில் உருப்படியான பகுதி இதுவே. அணையில் இருக்கும் தண்ணீரின் அளவு இரு தரப்புக்கும் ஒன்றாகத் தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில், கர்நாடகத்திலிருந்து ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) வர வேண்டும். ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. குறுவை நெல்லும் சம்பா நாற்றங்காலும் இந்த நான்கு மாதத்தை நம்பித்தான். செய்தியில் கன அடி என்று வரும், அதை டி.எம்.சி.யாக மாற்றிப் பார்க்கப் பழக வேண்டும். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. 2023 ஆகஸ்ட் இறுதியில் 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி என்று உத்தரவானது. மொத்தம் 6.48 டி.எம்.சி. மாதம் முழுக்க விட்டாலும் 12.96தான், செப்டம்பர் பங்கில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். அதுவும் மேட்டூருக்கு வந்து, குடிநீருக்குப் போக மிஞ்சியது கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, முறை வைத்து விட்டால், கடைமடையான தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் என்ன மிஞ்சும்? அந்த ஆண்டு பல இடங்களில் குறுவை காய்ந்தது.

பெரிய குறை ஒன்று. பற்றாக்குறை வந்தால் எல்லோர் பங்கையும் விகிதப்படி குறைக்க வேண்டும் என்பது காவிரி வழக்கை விசாரித்த நடுவர் மன்றத்தின் தீர்ப்பு. எந்தத் தேதி இருப்பை வைத்து, எத்தனை விழுக்காடு என்ற கணக்கு எழுதப்படவில்லை. அதனால் 15 நாளுக்கு ஒருமுறை புது எண், புதுப் பேரம். கர்நாடகத்தின் மண்டியாவில் ஓட்டுக் கேட்பவரும் திருவாரூரில் ஓட்டுக் கேட்பவரும் "விட்டுக்கொடுத்தேன்" என்று மேடையில் சொல்ல முடியாது. கணக்கு முன்பே எழுதியிருந்தால் "உத்தரவு அப்படி" என்று சொல்லி மதகைத் திறக்கலாம். தேர்தல் நடக்கிற இடத்தில் அமைதி தானாக வந்துவிடாது. 1991 டிசம்பரில் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. இரண்டு முறையும் இரு மாநிலத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகளே இருந்தன. 2023-இல் பந்த் நடந்தது, ஆனால் 2016 போல் தீ பரவவில்லை. மோதுவதற்குக் கூட்ட அறை ஒன்று கிடைத்ததில் ஆணையத்துக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறோம்.

பற்றாக்குறைக் கணக்கை அணை நிரம்பிய ஆண்டிலேயே எழுதி முடிக்க வேண்டும்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கடைசித் தேதிகளின் இருப்பு, அதுவரையான வரத்து, சராசரியிலிருந்து குறைவு, அதற்கேற்ற வெட்டு. வயல் வெடித்த பிறகு உட்கார்ந்தால் எந்த மாநிலமும் கையெழுத்துப் போடாது.