ஐவிஆரில் (தானியங்கி குரல் மெனுவில்) அழுத்திய எண் பதியவில்லையா? இன்பேண்டா, ஆர்எஃப்சி 4733-ஆ?

‘1-ஐ அழுத்தவும்’ என்ற குரலைக் கேட்டு அழுத்தினாலும் அதே மெனு திரும்ப ஓடினால், டிடிஎம்எஃப் (விசை அழுத்தத்தைத் தெரிவிக்கும் ஒலிச் சமிக்ஞை) அனுப்பும் முறையை முதலில் பாருங்கள். இன்பேண்ட், ஆர்எஃப்சி 4733 என்பவை அதற்கான இரு வழிகள்.

இன்பேண்டில் விசையொலி பேச்சோடு கலந்தே போகும். 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) பிரச்சினை குறைவு. ஜி.729 போல இறுக்கிச் சுருக்கும் கோடெக்கில் அவை சிதைந்துவிடும். ஐவிஆருக்கு எண் பிடிபடாது.

ஆர்எஃப்சி 4733-இல் ஒலிக்குப் பதிலாக ‘5 அழுத்தப்பட்டது’ என்ற தகவலே தனி ஆர்டிபி பாக்கெட்டாக (ஐபி அழைப்பில் குரலும் இப்படித்தான் போகும்) போகும். ஐபி (இணையவழி) அழைப்புகளுக்கு என் தேர்வு இதுதான். ஆனால் இரு முனையும் இதற்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். எஸ்டிபியில் (அழைப்பைத் தொடங்கும்போது இரு முனையும் பரிமாறும் விவரக் குறிப்பு) ‘டெலிபோன்-ஈவென்ட்’ வரி இருக்கிறதா பாருங்கள். ஒரே எண் இரட்டையாகப் பதிந்தால், இரண்டு வழியிலும் சேர்ந்து போகிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.